சிவப்பு அம்பு ஒட்டிய கத்தரிக்காய்

வேலம்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் பத்துக் குடும்பங்கள். பத்தும் பனியன் கம்பெனியை நம்பியவை. வாரத்தில் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து விழுகிற எங்களுக்கு, கொஞ்சம் படுத்துக் கிடக்க ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உண்டு. அந்த நாளிலும் காலை ஏழு மணிக்கே எழுந்து வாசலுக்கு ஓடுகிற மாதிரி ஒரு வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

காய்கறிப் பங்கு பிரிப்பதுதான் அந்த வேலை. அவிநாசிக்கு வடக்கே இரண்டு ஏக்கர் தோட்டம் வைத்திருந்த ஒருவர் முன்பு எங்கள் கம்பெனியில் டெய்லராக இருந்தார். ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர் திங்கட்கிழமை வரவில்லை. ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை. டெய்லர்கள் வருவதும் போவதும் அங்கே டவுன் பஸ் வந்து போகிற மாதிரி. ஒரு வருடம் கழித்து அவரே மொபெட்டில் எங்கள் லைனுக்கு வந்து நின்றார். பத்து வீடும் ஆறு மாதத்துக்கு முன்பணம் கொடுத்தால், தோட்டத்தில் வாராவாரம் விளைவதில் எங்களுக்குப் பங்கு உண்டு என்றார். ஒரு வாரம் நிறைய வரும், ஒரு வாரம் ஒன்றுமே வராமலும் போகும். ஆனால் மருந்து அடிக்கமாட்டாராம்.

"பூச்சி தின்னது போக மிச்சந்தானுங்க அம்மணி நமக்கு. அதுக்குச் சம்மதம்னா சேருங்க. நாளைக்கு என்னையக் கொறை சொல்லக் கூடாது," என்றார்.

நான் அந்த நிமிடமே சம்மதித்துவிட்டேன். மற்ற ஒன்பது வீட்டையும் பேசிப் பேசிச் சேர்த்ததும் நான்தான். எல்லாம் என் வீட்டுக்காரருக்காக. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாள் முதல் அவர் சாயப்பட்டறையில்தான் வேலை பார்த்தார். சாயங்காலம் அவர் கழற்றிப் போடுகிற சட்டையைத் துவைத்தால் வாளித் தண்ணீர் ஒரு நாள் நீலமாகவும் ஒரு நாள் மெரூனாகவும் இருக்கும். சட்டையிலேயே இவ்வளவு என்றால் உள்ளே எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்து நினைத்துப் பயந்தேன். விடாத இருமல் வேறு. வேலையை விடச் சொல்ல வழியில்லை. மூக்கில் போவதைத்தான் தடுக்க முடியவில்லை, வாயில் போவதாவது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பங்கில் எனக்கு இருந்த ஆசை முழுவதும் அவ்வளவுதான்.

முதல் இரண்டு மாதம் நன்றாகவே போயிற்று. தொடர்ந்து நான்கு வாரம் சுரைக்காயாகவே வந்தபோது, "அண்ணே, உங்க தோட்டத்துல வேற எதுக்கும் முளைக்க மனசு வரலையா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம் பாருங்க அம்மணி, பீர்க்கங்காயா வந்து உங்களை அழ வெக்குது," என்றார். அப்படியே அழவும் வைத்தது. கீரை, வெண்டை, அவரை, கத்தரி என்று எது வந்தாலும் அதில் ஒரு ருசி இருந்தது.

சண்டை பங்கு பிரிப்பதில்தான் வந்தது. சிமென்ட் வாசலில் பத்துக் குவியலாகப் போட்டுவிட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம். ஓட்டைக் கத்தரிக்காயெல்லாம் எப்போதும் தன் குவியலிலேயே வந்து விழுகிறது என்று ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அடுத்த வாரம் இன்னொருத்தி. ஆறு நாள் அசதியும் ஏழாம் நாள் கத்தரிக்காயின் தலையில்தான் விடியும். எனக்கு அலுத்துவிட்டது. அலுப்பில்தான் அந்த யோசனை வந்தது.

கம்பெனியில் நான் செக்கிங் செக்‌ஷன். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எங்கே இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவோம். டெய்லர் அதைச் சரிசெய்து தர வேண்டும். பேச்சுக்கே இடமில்லை. அம்பு ஒட்டியிருந்தால் தப்பு அவருடையது. பன்னிரண்டு வருடம் அந்த மேஜை முன்னால் நின்ற எனக்கு எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் ஓட்டைதான் கண்ணில் படும். கல்யாண வீட்டில் முதலில் பார்ப்பது மாப்பிள்ளை சட்டையின் காலர் தையலை. இப்படிப்பட்டவள் கையில் ஒரு கூடைக் கத்தரிக்காயைக் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மடியில் ஒரு ஷீட் ஸ்டிக்கர். ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்து, ஓட்டை உள்ளதில் எல்லாம் அம்பு ஒட்டித் தனியாக எடுத்து வைத்தேன். நல்லதை மட்டும் பத்தாகப் பிரித்தோம். சண்டையே இல்லை. பெண்களுக்கு ஒரே சந்தோஷம். அம்பு ஒட்டியதை ஒரு பையில் போட்டு, காய் கொண்டுவந்த தோட்டக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"இதெல்லாம் மிஸ்டேக் பீஸ்ணே. அடுத்த வாரம் கொஞ்சம் பாத்து அனுப்புங்க," என்றேன். விளையாட்டுப் பேச்சு மாதிரிதான் சொன்னேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதில் பாதி விளையாட்டு இல்லை.

அவர் பையைத் திறந்து பார்த்தார். ஒரு கத்தரிக்காயை எடுத்து, அதிலிருந்த அம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அம்மணி மேடம் ஆனதை நான் கவனிக்கவில்லை. வெயிலில் உட்கார்ந்திருந்ததில் எனக்கு இடுப்பு வலி.

மூன்று நான்கு வாரம் இப்படியே அம்பு ஒட்டித் திருப்பினேன். பிறகு ஒட்ட வேண்டிய தேவையே குறைந்தது. கத்தரிக்காய் பளபளவென்று வந்தது. வெண்டைக்காயில் ஒரு புள்ளி இல்லை. கீரை இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் ஓட்டை தெரியவில்லை. நான் செக் பண்ணியதால்தான் அவருக்கு அக்கறை வந்தது என்று லைன் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன். இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கி என் வீட்டுக்காரருக்குச் சமைத்துப் போட்டேன். அவரும் போட்டதைச் சாப்பிட்டார். முன்னைப் போல ருசி இல்லை என்று ஒரு தடவை சொன்னார். இருமுகிற வாய்க்கு ருசி எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் இப்படிப் போனபின், தோட்டக்காரரை நேரில் பார்த்துப் பாராட்டிவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்கு பிரித்து முடித்ததும் நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறினோம். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். சாலையில் இறங்கி நடக்கிற தூரத்தில் தோட்டம். அவருடைய மனைவி எங்களைப் பார்த்ததும் வயலிலிருந்து ஓடி வந்தார்.

"வாங்க வாங்க. உங்களைப் பத்திச் சொல்லாத நாளில்லீங்க. உக்காருங்க, சோறுண்டுட்டுத்தான் போகோணும்," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டார்கள். என் வீட்டுக்காரர் இரண்டாவது தடவை குழம்பு வாங்கினார். அவர் எங்கேயும் அப்படிக் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. மூன்றாவது தடவையும் கரண்டியைப் பார்த்தார்.

"இந்தக் காயைத்தானம்மா எங்களுக்கும் அனுப்புறீங்க? அங்க இந்த ருசி இல்லையே," என்று அந்த அம்மாவிடம் கேட்டார்.

அந்த அம்மா வெள்ளந்தியாகச் சிரித்தார். "ஐயோ, இது அந்தக் காய் இல்லீங்க. இது ஊட்டுக்குன்னு தனியா வெச்ச ரெண்டு வரிசைங்க. இதுக்கு மருந்து அடிக்கறதில்லை. பூச்சி விழுந்து ஓட்டையும் ஒடசலுமா இருக்கும். உங்களுக்கு அதையெல்லாம் அனுப்ப முடியுங்களா? உங்களுது நல்ல காயிங்க. வாரம் ஒருக்கா மருந்து அடிச்சு, பொறுக்கிப் பொறுக்கித்தானுங்க அனுப்பறோம்."

எனக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. குழம்பு ஊற்றிய கிண்ணத்தைப் பார்த்தேன். ஓட்டை இருந்த இடத்தை அரிவாள்மனையில் வகுந்து எடுத்துவிட்டுப் போட்ட துண்டுகள். அதே ஊரில், அதே மண்ணில் விளைந்தது. நான் திருப்பி அனுப்பிய மாதிரிக் காய்.

தோட்டக்காரர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "மருந்து அடிக்கமாட்டேன்னு சொல்லித்தானண்ணே சேத்தீங்க?" என்றேன்.

"ஓட்டை இருக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க மேடம் திருப்பி அனுப்புனீங்க," என்றார். குரலில் சூடே இல்லை.

"அப்ப ஓட்டை இல்லாமக் குடுக்க முடியாதுன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கீங்க சொல்றது? அம்பு ஒட்டி வந்துச்சுன்னா பேசாமச் சரி பண்ணோணும். கம்பெனியில என்னைக்காவது எங்களை எதுத்துப் பேச விட்டீங்களா? அந்த அம்பைப் பாத்தாவே எனக்கு அடுத்த பீஸ் தைக்க ஓடாதுங்க. அதுக்குத்தான் வேலையே வேண்டாம்னு தோட்டத்துக்கு வந்தேன். இங்கயும் அது பின்னாடியே வந்துருச்சு."

அந்த டெய்லர் ஒரு திங்கட்கிழமை ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருடைய பனியன்களில் அம்பு ஒட்டியவர்கள் நாலைந்து பேர் இருந்தோம். நானும் ஒட்டியிருப்பேன். சொல்லாமல் மருந்து அடித்தது அவர் தப்புதான், அதை இன்றும் சொல்வேன். ஆனால் அடிக்க வைத்தவள் நான். எங்கள் பனியனை வாங்குகிற வெளிநாட்டுக்காரன் எங்களிடம் கேட்கிற மாதிரியே நான் அவரிடம் கேட்டேன். நாங்கள் அவனுக்கு அனுப்புகிற மாதிரியே அவர் எனக்கு அனுப்பினார்.

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினோம். வேலம்பாளையத்தில் இறங்கி நடக்கும்போது என் வீட்டுக்காரர், "நல்லதாப் பாத்து எனக்குத்தான எடுத்து வச்ச. விடு," என்றார். என்னைத் தேற்றுவதற்குத்தான் சொன்னார். அதைவிட அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மறு வாரமே தோட்டக்காரரிடம் மருந்தை நிறுத்தச் சொன்னேன். அவர் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு தெளிச்சியைப் பார்த்தேன். செடி பழைய நிலைக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் ஒன்பது வீட்டிலும் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லி, ஓட்டை இருந்தால்தான் நல்லது என்று எடுத்துச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஓட்டைக் கத்தரிக்காய் வாசலில் வந்து விழுந்ததும் தலையாட்டல் போன இடம் தெரியவில்லை. என்னோடு செக்கிங்கில் இருக்கிற எதிர் வீட்டுப் பெண் உள்ளே போய் ஒரு ஷீட் சிவப்பு அம்பைக் கொண்டுவந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, இதெல்லாம் வேண்டாம்னுதான சொன்னேன்?" என்றேன்.

"நீங்கதானக்கா சொல்லிக்குடுத்தீங்க," என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. கடகடவென்று ஒட்டிக்கொண்டே போனாள். என்னைவிட வேகமான கை.

அவள் அம்பு ஒட்டியதை எல்லாம் நானே முந்தானையில் வாரிக்கொண்டு உள்ளே போனேன். நான்கைந்து வாரம் அப்படியே வாரினேன். அடுத்த ஆறு மாதத்துக்குச் சேரும் நேரம் வந்தபோது ஆறு வீடு விலகிக்கொண்டது. ஓட்டைக் காய்க்கு முன்பணமா என்று கேட்டார்கள். நானும் பேசிப் பார்த்தேன், முன்னைப் போலப் பேசத் தெம்பு இல்லை.

"நாலு ஊட்டுக்காக இத்தன தூரம் வண்டி ஓட்டக் கட்டாதுங்க அம்மணி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க," என்றார் அவர் கடைசியாக வந்த அன்று. அம்மணி என்று கூப்பிட்டார். அதைக் கேட்டபிறகுதான் வாசல் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

இப்போது சந்தையில்தான் காய் வாங்குகிறேன். என் வீட்டுக்காரர் பட்டறை வேலையை விட்டு வருடங்களாகிவிட்டன, இருமல் மட்டும் அவரை விடவில்லை. கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தால் என் விரல் இன்னமும் தானாக ஓட்டையைத் தேடும். கிடைத்தால் அதைத் தட்டில் போடுவேன். காய்காரம்மா எனக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, "பாவம், பாத்து எடுக்கத் தெரியல பாரு," என்று அதை எடுத்து வீசிவிட்டு, பளபளவென்று இருப்பதாகப் பார்த்து நான்கு போடுவார். அவரிடம் எவ்வளவென்று விளக்குவது. வாங்கிக்கொண்டு வந்து என் வீட்டுக்காரருக்குச் சமைத்துப் போடுகிறேன்.