லூர்து மிஸ்ஸி போட்ட தோல் ஊசி

லூர்து மிஸ்ஸி இன்று காலை போய்விட்டார். அசாம் ஜாவா என்ற ஊரில், மகள் வீட்டில்.

எங்கள் பழைய தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். ஒரே விளக்குப் படம், கைகூப்பிய படம். "நம் தோட்டத்துத் தெய்வம்" என்று என் பெரியப்பா மகன் போட்டிருக்கிறான்.

தெய்வமாம்... படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெளியூர் நண்பர்களுக்காக: மிஸ்ஸி என்றால் எங்கள் பக்கம் நர்ஸ். எண்பதுகளில் கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருந்தவர். லண்டனில் படித்துவிட்டு, அங்கேயே, இனி பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் வேலை செய்துவிட்டு வந்தவர். அவர் சைக்கிளில் வந்தால் லயத்து வரிசை வீடுகளின் நாய்கள்கூடக் குரைக்காது.

அம்மாவுக்கு வயிற்றில் கேன்சர். பெரிய ஆஸ்பத்திரியில் "வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வலியைக்கூட அம்மா பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். எரிச்சலைத்தான் தாங்க முடியவில்லை. புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறும். படுத்தால் இன்னும் ஏறும். அதனால் ராத்திரி பகலாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார்.

மாத்திரை கொடுத்தால் உடனே வாந்தி. நரம்பில் போடலாம் என்றால் கையில் நரம்பே கிடைக்கவில்லை...

தோட்டத்துக்கு வரும் டாக்டரிடம் கேட்டு மிஸ்ஸிதான் ஒரு வழி செய்தார். கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேல்பக்கம், தோலுக்கடியில் ஒரு குட்டி ஊசி. அதை பிளாஸ்டர் போட்டு அப்படியே ஒட்டிவிட்டார். வயிற்றுப் புளிப்பைக் குறைக்கும் மருந்தை அது வழியாக மெதுவாக ஏற்றுவார். திரும்பத் திரும்பக் குத்த வேண்டியதில்லை.

மருந்து ஏறியதும் அந்த இடம் கொசு கடித்த மாதிரி லேசாகப் புடைக்கும். ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வற்றிவிடும்.

மறுநாள் மத்தியானம் அம்மா படுத்தார். பாயில், காலை நீட்டி... நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்ததும் தேத்தண்ணியில் தொட்டு ஒரு துண்டு ரொட்டி வேண்டும் என்றார்.

ஆனால் பெரியப்பா பார்த்தது அந்தப் புடைப்பை.

பெரியப்பா தோட்டத்து மண்டோர். ஆட்களை வேலை வாங்குகிறவர். அவர் பேச்சுக்கு லயத்தில் மறுபேச்சு கிடையாது.

"ஒரு பொட்டு ரத்தம் வரல. மருந்து உள்ள போயிருந்தா ஏன் வீங்குது? தோலுக்கடியில தண்ணிய விட்டுட்டு ஏமாத்திட்டுப் போவுது லா, இந்த மிஸ்ஸி."

மிஸ்ஸி பொறுமையாகத்தான் சொன்னார். "அது மெதுவா ஊறி உள்ள போவும்ணே. அக்கா இப்ப படுத்துத் தூங்குறாங்க, பாக்கலியா?"

"சாவப்போறவ தூங்காம என்னா செய்வா," என்றார் பெரியப்பா. அம்மா காதில் விழும்படி.

ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். இனி வீட்டுக்கு வீடு போய் ஊசி போடக் கூடாது என்று மிஸ்ஸிக்கு மேனேஜர் ஆர்டர்.

அம்மாவை வாடகைக் காரில் டவுனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த டாக்டர் ஒட்டியிருந்த குட்டி ஊசியைப் பிடுங்கிப் போட்டார். இரண்டு கையிலும் குத்திப் பார்த்தார், காலிலும் பார்த்தார். கடைசியில் இடுப்பில் ஒரு சத்து ஊசி. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. பெரியப்பாவுக்கு அப்போதுதான் திருப்தி.

அம்மா மறுபடியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மிஸ்ஸி ஆர்டரை மீறி வந்தார். இதை குரூப்பில் ஒருவரும் எழுதவில்லை. ஒரு சாயங்காலம், பையும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். பெரியப்பா படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகரவில்லை.

"ஒரே ஒரு தடவைண்ணே. போட்டுட்டுப் போயிடறேன்."

"வேணாம் மிஸ்ஸி. ஒங்க வேலைய பாத்துக்கிட்டுப் போங்க."

உள்ளே இருந்து அம்மா, "மிஸ்ஸியா? வரச் சொல்லு," என்றார். நான் எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அண்ணன் முன்னால் வாயைத் திறக்காத மனுஷன். அன்றைக்கும் திறக்கவில்லை.

அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பேரையும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. யார் என்ன நினைத்தாலும் சரி.

ரொம்ப வருஷம் கழித்து கோலசிலாங்கூர் பசாரில், மீன் கடை முன்னால் மிஸ்ஸியைப் பார்த்தேன். முழுக்க நரைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எப்படி இருக்கே, எத்தனை பிள்ளை... ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா கடைசியில படுத்தாங்களாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்ல மிஸ்ஸி. உக்காந்துக்கிட்டேதான் போனாங்க."

அவர் என் கையை விடவில்லை. அப்புறம், "நான் கத்தியிருக்கணும்," என்றார். "வாசல்ல நின்னு கத்தியிருக்கணும்மா."

நாளைக் காலையில் சர்ச்சில் பூசை, பிறகு அடக்கம். பெரியப்பா மகன் தோட்டத்து மக்கள் சார்பில் பெரிய மாலைக்குச் சொல்லியிருக்கிறானாம். ஒரே வேனில் போகலாம், வா என்கிறான்.

நான் தனியாகப் போய்க்கொள்கிறேன்.

போயிட்டு வாங்க மிஸ்ஸி... அன்னைக்குக் கத்த வேண்டியது நீங்க இல்ல.