சாமையும் சேஃப்டி ஷூவும்

புரியாதவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று நம்புகிற முட்டாள்களில் நானும் ஒருவன். அதற்குச் சம்பளம் வேறு வாங்கினேன்.

கல்வராயன் மலையில், சாமையின் உமியை நீக்கி அரிசியாக்கும் சின்ன ஆலை ஒன்றுக்குப் புது மிஷின் வந்து இறங்கியிருந்தது. அதை ஓட்டக் கற்றுத் தருவது என் வேலை. கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில், வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போவேன். இறங்கி முகம் கழுவியதும், மலையே என்னால்தான் நிற்கிறது என்பதுபோல உள்ளே நுழைவேன்.

ஒருவர் மனசில் எது பெரிதோ அதுதான் அவருக்கு ஏறும். ஆலைக்கு மூட்டை ஏற்றும் வேனின் டிரைவர் சங்கராபுரத்துக்காரர். பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருக்க வேண்டும், அதுதான் அவருக்கு வேதம். வேலையைச் சீக்கிரம் முடிக்கிற எதையும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார். மற்றதெல்லாம் காதோடு சரி. எனக்கோ, யாரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது. அதனால் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன். கேட்காதவனுக்கு என்ன ஏறும்?

மிஷின் ஓட்டும் வேலைக்கு மலைக்கார அக்கா ஒருவர் முன்வந்திருந்தார். கிடைத்தால் வருஷம் முழுக்க உள்ளூரிலேயே சம்பளம். கிடைக்காவிட்டால், பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு மறுபடியும் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போக வேண்டும். சனிக்கிழமை மேனேஜர் வந்து ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். தேறாவிட்டால், சின்னசேலத்து ரைஸ்மில் ஆள் ஒருவர் தயாராக இருந்தார்.

மிஷின் அக்காவுக்குச் சட்டென்று பழகிவிட்டது. சேஃப்டி ஷூதான் பழகவில்லை. அது இல்லாமல் மிஷின் பக்கம் நிற்கக் கூடாது என்பது சட்டம். இரும்புத் தள்ளுவண்டி ஏறினால் விரல் போய்விடும். பழகட்டுமே என்று, வீட்டிலிருந்தே ஷூவைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். சொன்னபடி போட்டுக்கொண்டு வருவார். வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவார்.

விளக்கினேன். தலையாட்டினார். மறுநாளும் வெறுங்கால். இன்னும் சத்தமாக விளக்கினேன். பலகையில் நசுங்கிய கால் ஒன்றை வரைந்து, சிவப்புச் சாக்பீஸால் ரத்தமும் ஓடவிட்டேன்.

"கெழங்கு நல்லா வந்துக்கீது சார்" என்றார்.

கடைசியில், ஷூ எவ்வளவு உறுதி என்று காட்ட, தள்ளுவண்டியை என் காலிலேயே ஏற்றச் சொன்னேன். டிரைவர் சந்தோஷமாக ஏற்றினார். ஷூ உறுதிதான். நான் போட்டிருந்தது அந்த ஷூ இல்லை என்பது வண்டி ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீங்கிய விரலோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். கத்தத் தெம்பில்லை. அதனால்தான் கேட்டேன், ஏன்க்கா போட மாட்டேங்கறீங்க என்று.

"ரோட்டுல எதை எதையோ மிதிச்சிக்கினு வர்ற ஷூ சார் அது. சாமை கொட்டிக் கெடக்கற எடத்துல அதோட எப்பிடி நிக்கறது? நாங்க களத்துலயே செருப்பு போட மாட்டோம்."

நான் நடந்த இடத்தையெல்லாம் அவர் பின்னாலேயே வந்து துடைத்துக்கொண்டிருந்ததை, வேலையில் என்ன சுத்தம் என்று அதுவரை மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஸ்டோரில் இன்னொரு ஜோடி இருந்தது. ரோட்டையே பார்க்காத ஷூ என்றால் போடுவீர்களா என்றேன். பெட்டியோடு வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, முனையில் மஞ்சளும் வைத்து உள்வாசல் பலகைமேல் ஏற்றினார். அது வாசல் தாண்டாது என்று எனக்கும் சேர்த்து உத்தரவு.

சனிக்கிழமை அக்கா அந்த ஷூவோடு மிஷின் முன்னால் நின்றார். மேனேஜர் பளபளவென்று பூட்ஸோடு வந்தார். வாசலிலேயே அவரை நிறுத்தி, அதைக் கழட்டிட்டு வாங்க என்றார் அக்கா. கேரளா பஸ் ஹாரன் அடிப்பதே என் காதில் கேட்டது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு குனிந்து கழற்றினார். வெறுங்காலோடு மிஷின் பக்கம் போகவும் சட்டம் விடாதே? சாக்ஸோடு வாசற்படியில் நின்று, அக்கா ஒரு மூட்டையை அரைத்து முடிக்கும்வரை பார்த்தார். திங்கட்கிழமையே சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டு, பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தார்.

நான் நொண்டிக்கொண்டே அக்காவிடம் போய், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான் என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கிசுகிசுத்தேன்.

"கேட்டா சொல்றேன் சார்."