விழுந்து முளைக்காத பல்

பெண் பார்க்கப் போன அன்று குணேஸ்வரி என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தாள். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை, சொந்த வீடு என்று என் தமக்கை அடுக்கிக்கொண்டே போக, தேநீர்த் தட்டோடு நின்றவள் நான் சிரிக்கும்போதெல்லாம் கூர்ந்து கவனித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கலியாணத்துக்குப் பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

"உங்கட மேல் கடவாய்ப் பல்லொண்டு கறுத்துப்போய்க் கிடந்தது. அதைத்தான் பார்த்தனான்."

கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் படித்துவிட்டு வந்த பல் நேர்ஸ் அவள். பல் டொக்டர் பெரியவர்களுக்கு, இவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. திருகோணமலை முழுக்க "பல்லு மிஸ்ஸி" என்றால்தான் தெரியும். சொத்தையைச் சுரண்டி அடைப்பாள், ஆடும் பாற்பல்லைக் கழற்றுவாள், பல்லைச் சுற்றிய முரசு நோகாமல் துலக்கக் காட்டிக்கொடுப்பாள். பிள்ளைகளோடு அவளுக்கு இருந்த பொறுமையில் கால்வாசி என்னோடு இருந்திருந்தால் நான் கொடுத்துவைத்தவன்.

அவளுக்கு ஆகாத வசனம் ஒன்றுதான்: "விழுந்து முளைக்கிற பல்லுத்தானே." ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடவாய்ப் பல் வரும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் அதையும் பாற்பல் என்று பெற்றவர்கள் எண்ணிவிடுவார்கள். அது போனால் போனதுதான். இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியது. வீட்டில் நானும் சோற்றோடு சேர்த்து அதைத்தான் விழுங்கினேன்.

அறுபத்தெட்டாம் ஆண்டில் ஒரு வாரம் அவளுக்கு மூதூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. காலையில் மோட்டார் லோஞ்சில் கடல் தாண்டிப் போய் மாலையில் திரும்புவாள். தையல் மெஷின் மாதிரிக் காலால் மிதித்துப் பல்லைத் துளைக்கும் கருவி ஒன்று பெட்டியில் கூடவே போகும். அந்தப் பெட்டியைத் தூக்கவே கடைசி நாள் நான் லீவு போட்டேன்.

லோஞ்ச் ஓட்டுபவர் பக்கீர் நானா. அவருடைய மகள் றஹ்மா அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். பத்து வயது. அவளுடைய ஆறு வயதுக் கடவாய்ப் பல் ஒன்றில் ஓட்டை விழுந்திருப்பதைக் குணேஸ்வரி கண்டிருந்தாள். இப்போது அடைத்தால் பல் பிழைக்கும். அடுத்த முறை வரும்போது பிடுங்குவதைத் தவிர வழியிராது. பிள்ளை சம்மதம், தகப்பன்தான் மறுப்பு. தகப்பன் சொல்லாமல் கைவைக்க இவளுக்கு ஏலாது.

"நானா, றஹ்மாட பல்லை இண்டைக்கு அடைக்க விடுங்கோ. நாளைக்கு நான் வரமாட்டன்."

பக்கீர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி, மறுகையால் வறுத்த கச்சான் கடலையை வாயில் போட்டார். "விழுந்து முளைக்கிற பல்லுத்தானே மிஸ்ஸி. அதுக்குப் போய்ப் புள்ளைய என்னத்துக்கு நோகப் பண்ணுவான்?"

தொலைந்தது, பிரசங்கம் தொடங்கப்போகிறது என்று நான் கடலைப் பார்த்தேன். அவளோ அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நானா கச்சானை இடப்பக்கத்தால மட்டும் சப்புறீங்கள்?"

"வலப்பக்கம் பல்லு இல்ல. றஹ்மாட வயசில நோவெடுத்துப் புடுங்கிப்போட்டாங்க. திரும்ப முளைக்கும் எண்டாங்க."

"இப்ப உங்களுக்கு என்ன வயது?"

"நாப்பத்திரெண்டு."

"அப்ப எப்ப நானா முளைக்கும்?"

லோஞ்சில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பக்கீர் சிரிக்கவில்லை. நாக்கு அந்த வெற்றிடத்தைத் தடவுவது கன்னத்தில் தெரிந்தது. மூதூர் இறங்குதுறை வரும்வரை அவர் கச்சானைத் தொடவேயில்லை.

கரை வந்ததும் என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

குணேஸ்வரி றஹ்மாவைக் கதிரையில் இருத்தி, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து ஓட்டையைக் காட்டினாள். செய்யப்போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டே செய்தாள். கருவி கிர்ரென்று சுற்ற, பிள்ளை அசையவில்லை. பக்கீர்தான் சுவரோடு ஒட்டி நின்று, கண்ணை இறுக மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

"வாப்பா, கண்ணத் தொறங்க. முடிஞ்சி" என்றாள் றஹ்மா.

பத்து வருடம் கழித்து அவளுடைய கலியாணத்துக்கு மூதூர் போனோம். குணேஸ்வரி உள்ளே பெண்களோடு போய்விட்டாள். வெளியே நான் பக்கீரோடு ஒரே சஹன் தட்டில் கைவைத்துப் புரியாணி சாப்பிட்டேன். அவர் அப்போதும் இடப்பக்கத்தாலேயே மென்றார்.

புறப்படும்போது குணேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"றஹ்மா நகையெல்லாம் போட்டுக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால வாயைத் திறந்து காட்டினவள். பல்லு அப்பிடியே இருக்கு நானா."

"எனக்குத் தெரியும் மிஸ்ஸி" என்றார் பக்கீர். "அவ சாப்பிடக்குள்ள நான் பாத்துக்கிட்டேதான் இரிப்பன். ரெண்டு பக்கத்தாலயும் சாப்பிடுறா."