பவானிப் பயணத்துக்கு உரசிய ஜாதிக்காய்

காலேஜில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த அந்த வருஷம் எனக்கு மோட்டார்ப் பைத்தியம். பஞ்சு வியாபாரம் செய்துவந்த மச்சான், என் அக்காவின் வீட்டுக்காரர், மலை மேல் எஸ்டேட்காரர் ஒருவர் ஓட்டிக் கழித்த காரை வாங்கியிருந்தார். வாங்கியது அவர்; அதன் அடியில் படுத்துக் கிடந்தது நான். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் கை நகத்தில் கிரீஸ் இருக்கும். அதைப் பிறர் பார்க்கவேண்டும் என்று கையை மேஜை மேல் வைத்துக்கொள்வேன்.

அக்காவின் பெண் குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. பவானிக் கூடுதுறையில் முடி இறக்கிக் காது குத்துவதாக வேண்டுதல் இருந்தது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். ஆகவே நான் இல்லாமல் காரியம் நடக்காது. காரையும் நானே ஓட்டுவது என்று மச்சான் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. டியூப் ஓட்டுப்போட ரப்பர், பசை, காற்றடிக்கும் பம்பு, ஒரு டின் பெட்ரோல், ரேடியேட்டருக்கு இரண்டு குடம் தண்ணீர், கட்டி இழுக்கக் கயிறு, ஜாக்கி, நட்டு போல்ட்டு ஒரு தகர டப்பா நிறைய, எல்லாம் முதல் நாளே ஏற்றிவிட்டேன். வழியில் எது கெட்டாலும் அதற்கு என்னிடம் பதில் இருந்தது. "மாப்ளே, அப்படியே இன்னொரு காரையும் உள்ள தூக்கி வெச்சுக்குங்க" என்றார் மச்சான்.

மற்றவர்களுக்கு இருந்த கவலை வேறு. மாமன் வீட்டிலிருந்து சீர்த்தட்டோடு புறப்பட வேண்டும் என்பதற்காக அக்கா வீட்டார் முதல் நாள் சூலூரிலிருந்து கோயமுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கார் என் கையில் எங்கள் வீட்டில் நின்றதால் பஸ்ஸில் வந்தார்கள். குழந்தை வழி முழுக்க வீறிட்டு அழுது, பக்கத்தில் இருந்தவர் வேட்டியில் வாந்தியும் எடுத்துவிட்டதாம். இறங்கும்போது அக்காவுக்கு முகமே இல்லை. கூட வந்திருந்தவர் மச்சானின் மூத்த சகோதரி. அக்கா அவரை நங்கை என்று கூப்பிடுவாள். நங்கை அன்று மாலை பூராவும் பஸ்ஸில் யார் யார் முகம் சுளித்தார்கள் என்றே பேசிக்கொண்டிருந்தார். நாளைக்கும் இப்படி ஆனால் என்ன செய்வது என்று அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது புறப்பட்டோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள அம்மா நின்றுவிட்டாள். முன்னால் நானும் மச்சானும். பின்னால் அக்காவும் நங்கையும், நடுவில் குழந்தை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் அது தூங்கிப்போனது. கருமத்தம்பட்டி வந்தது, தூக்கம். அவிநாசியில் தேர் நிற்கும் வீதியோரம் நிறுத்திக் காப்பி குடித்தோம், அப்போதும் தூக்கம். என் வண்டி ஓட்டம் அப்படி என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன். பஸ்காரன் கியர் மாற்றுவதற்கும் நான் மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தை மச்சானுக்கு விளக்கினேன். பாவம், அவர் கேட்டுக்கொண்டு வந்தார்.

விஜயமங்கலத்துக்கு அருகில் ஒரு வேப்பமரத்தடியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட நிறுத்தினேன். குழந்தைக்குப் பால் கொடுக்கலாமென்று அக்கா அதைத் தூக்கினாள். தலை அவள் தோளில் நிற்கவில்லை, சரிந்தது. கன்னத்தைத் தட்டினாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். உள்ளங்காலைச் சுரண்டினாள். இமை லேசாக அசைந்தது, திறக்கவில்லை.

"தம்பி, அம்மிணி எந்திரிக்க மாட்டீங்குதே."

வண்டி ஆட்டத்தில் அசந்திருக்கும், விட்டுவிடு என்று நங்கை சொன்னார். சொன்னவருடைய குரல் சரியாக இல்லை. அக்கா குழந்தையின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் காத்தால ஜாதிக்கா ஒரு இழுப்பு ஒரசி ஊத்தினேனுங்க நங்கை" என்றாள்.

நங்கை குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் ஊத்திப்போட்டேன் கண்ணு."

எங்கள் பக்கத்தில் குழந்தை அழாமல் தூங்க ஜாதிக்காய் மாதிரி மருந்து உரசிக் கொடுத்தால் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் பலிக்காது, கண் பட்டுவிடும். ஆள் இல்லாத சமயத்தில் கல்லைக் கழுவி, உரசி, பாலில் கலந்து சங்கில் புகட்டிவிட்டுக் கல்லைத் துடைத்து வைத்துவிடுவார்கள். அடுத்தவர் வந்து பார்த்தால் கல் காய்ந்து சுத்தமாக இருக்கும். கேட்கலாமே என்றால், நாத்தனாரிடம் போய்க் குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று அக்கா கேட்க முடியுமா? நங்கைதான் தம்பி பெண்டாட்டியிடம் கேட்பாரா? அவ்வளவு மரியாதை.

மச்சான் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"முன்னால போறதா, பின்னால போறதா? சொல்லுங்க மாப்ளே, படிச்சவரு நீங்க."

ஜாதிக்காயைப் பற்றி எந்தப் புஸ்தகத்திலும் நான் படித்ததில்லை. பெருந்துறையில் ஒரு டாக்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். முன்னால் என்றேன்.

வண்டி அன்று ஓடிய மாதிரி அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. ஒரு இருமல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. டயர் வெடித்திருந்தால்கூட இறங்கி எதையாவது செய்திருப்பேன். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பாதையைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. முதுகுக்குப் பின்னால் அக்கா "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. வேகமாக ஓட்டினால் குழந்தை தலை தூக்கிப் போடுகிறது என்றாள். மெதுவாக ஓட்டினால், ஏன் நின்றுவிட்டாய் என்றாள். நடுவில் பருத்தி வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு ஹாரன் அடித்தும் கடைசி வண்டி விலகவில்லை. ஓட்டுகிறவர் பொதிமேல் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார். மச்சான் இறங்கி ஓடி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து ஒதுக்கினார். வண்டிக்காரர் எழுந்து உட்கார்ந்து, "ஏனுங்க, இப்படிப் பறந்து எங்கீங்க போகோணும்?" என்று சாவகாசமாகக் கேட்டார். மச்சான் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

பெருந்துறையில் டாக்டர் வீட்டைக் கண்டுபிடித்தோம். டாக்டர் இல்லை. விடியற்காலையில் ஏதோ தோட்டத்துக்குப் பிரசவம் பார்க்கக் கூட்டிப்போயிருந்தார்கள். எந்தத் தோட்டம், நான் காரில் போய் அழைத்து வருகிறேன் என்று அவர் சம்சாரத்திடம் குதித்தேன்.

"இட்டேரியில மாட்டு வண்டியே திக்கித் திணறித்தானுங்க போகும். ரெண்டு பக்கமும் கள்ளி வேலி. உங்க காரு அதுக்குள்ள எப்படீங்க நொழையும்?"

அந்த அம்மாள் குழந்தையை உள்ளே வாங்கிப் பாயில் கிடத்தினார். டிகாக்‌ஷன் ஊற்றினால் தெளியும் என்று நங்கை பறந்தார். தூங்குகிற குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிப் போகும் என்று அந்த அம்மாள் தடுத்துவிட்டார். மற்றபடி அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. காத்திருக்க வேண்டியதுதான் என்றார்.

டாக்டர் வந்து வேறு ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னால் உடனே புறப்பட வேண்டுமே என்று நான் வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தேன். என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன் என்ற எண்ணம். மச்சான் வெளியே வந்தார்.

"அதெ நிறுத்தீருங்க மாப்ளே. கொழந்தெ மூச்சு உடறது கேக்க மாட்டீங்குது."

நிறுத்தினேன். அதன் பிறகு நாங்கள் எல்லோரும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அக்காவின் உதடு அசையும். நங்கை சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அக்கா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் அக்காவைச் சொல்லவில்லை. பவானியில் காது குத்தும் ஆசாரி காத்திருப்பாரே என்று எனக்கு நினைவு வந்தது.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு குழந்தை மூக்கைச் சொறிந்துகொண்டது. பிறகு வாயைக் கோணிற்று. கண்ணைத் திறந்து, தெரியாத வீடு, தெரியாத அம்மாள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கரகரத்த குரலில் அழ ஆரம்பித்தது. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை; அதுவாக விழித்தது. அக்கா அதை அள்ளி எடுத்து, அதைவிட உரக்க அழுதாள். கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்த டாக்டர் இமையை விலக்கிப் பார்த்து, நாடி பிடித்து, இன்றைக்குத் தாய்ப்பால் தவிர ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்றார். பவானி முகூர்த்தம் எப்போதோ போயிருந்தது.

"காது எங்கயும் ஓடீராது. ஊட்டுக்கு உடுங்க" என்றார் மச்சான்.

திரும்பும் வழியெல்லாம் அது அழுதது. அவிநாசி தாண்டி என் சட்டைக் காலரிலும் வாந்தி எடுத்தது. ஒருவரும் சமாதானம் செய்யவில்லை. அழுகை சற்று ஓய்ந்தால் அக்கா அதன் காலைக் கிள்ளிவிடுவது போலிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு சேர்ந்தோம். வாசலுக்கு வந்த அம்மா முடி இறங்காத தலையையும் மூளிக் காதையும் பார்த்துத் திகைத்தாள். நேரம் தப்பிவிட்டது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மச்சான் மாமியாரிடம் பவ்யமாகச் சொன்னார். அம்மா அதற்கு மேல் அவரைக் கேட்கவில்லை. அக்காவின் பக்கம் வந்து தணிந்த குரலில் பேசினாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"போற வழியிலாவது அழுகாம இருந்துச்சா? வெடியால உனக்குத் தெரியாம ஒரு இழுப்பு ஒரசி ஊத்தினேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நங்கை காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். மச்சான்தான் பதில் சொன்னார்.

"நல்லாத் தூங்குச்சுங்க அத்தெ."

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப அழுது அழுது களைச்சுப் போயிருக்கு. கொஞ்சம் தூங்க வெக்கறேன்" என்று குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். அக்கா பின்னாலேயே ஓடினாள்.