கார்போகரிசியும் அண்ணியின் கையும்

அண்ணியின் வலது புறங்கையில் வெள்ளைத் திட்டு விழுந்தபோது நான் பொன்னேரிக்கு பஸ்ஸில் போய் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணி பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்பாள். திட்டு மணிக்கட்டுவரை ஏறியதும், வழக்கமாக அவளிடம் இறால் வாங்குகிறவர்கள் பக்கத்துக் கூடைக்கு நகர்ந்தார்கள். ஒட்டுகிற நோயில்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது? கையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது எங்கள் லேபில் கார்போகரிசியை வைத்துத்தான் வேலை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சின்னக் கருப்பு விதை அது. அதிலிருந்து சோராலென் என்ற பொருளைப் பிரித்தெடுப்போம். கூமரின் என்ற வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். அதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. இருட்டில் அது சாது. வெயில் பட்டால் தோலின் செல்லுக்குள் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிணைத்துவிடும். வெண்புள்ளிக்கு டாக்டர்கள் மருந்தையும் வெளிச்சத்தையும் அளந்துதான் கொடுப்பார்கள்; மிஞ்சினால் தோல் வெந்துவிடும். பரீட்சையில் எழுதுமளவுக்கு இதெல்லாம் தெரியும்.

எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் விதையை வாங்கி அரைத்து, தேங்காயெண்ணெயில் காய்ச்சி, அண்ணியிடம் நீட்டினேன்.

"இன்னா இது?"

"திட்டு மேல பூசிட்டு கொஞ்ச நேரம் வெயில்ல காட்டுங்க அண்ணி. நிறம் திரும்பும்னு படிச்சிருக்கேன்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் என்றால் எத்தனை நிமிஷம் என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. மறுநாள் கை முழுக்கப் பூசிக்கொண்டு, லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் காலையிலிருந்து உச்சிவரை நெத்திலி காயவைத்தாள். சாயங்காலம் கையைக் காட்டினாள். எரிச்சல்கூட இல்லை.

"ஒண்ணுமே ஆவல. நாளைக்கு இன்னும் கொஞ்சம் பூசறேன்."

சோராலென் சுட்டது உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதையும் படித்திருந்தேன். ஆனாலும் "பூசுங்க அண்ணி" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் புறங்கை முழுக்கக் கொப்புளம். விரலை மடக்க முடியாமல் அழுதாள். அண்ணனும் நானும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

"யாரும்மா இதக் குடுத்தது?" என்றார் டாக்டர்.

அண்ணி என் பக்கம் திரும்பவேயில்லை. "நாட்டு மருந்துக் கடையில சொன்னாங்க சார். நானாத்தான் பூசிக்கினேன்."

"படிக்காதவங்க இப்படித்தான் பண்ணிக்கிறீங்க" என்று திட்டினார். அவள் பையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஆற ஒரு மாசத்துக்கு மேலானது. வெந்த இடத்தில் வெள்ளை இன்னும் அகலமாகப் படர்ந்தது; கட்டைவிரல் தோல் இறுகிப்போனது. மார்க்கெட்டில் அவள் உட்காரும் இடத்தில் வேறொருத்தி கூடை வைத்துவிட்டாள். அதன்பிறகு அண்ணி விற்கப் போகவேயில்லை.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது, அவள் மீன் ஆய்ந்துகொண்டிருக்கையில் சொன்னேன்.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் சொல்லியிருக்கணும் அண்ணி."

கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்: "சொல்லியிருந்தா உங்க அண்ணன் உன் படிப்ப நிறுத்தியிருப்பாரு. வுடு."

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த நாட்டு மருந்துக் கடைக்காரரோடு அவர் இன்றுவரை பேசுவதில்லை.