அக்கா வீட்டு ஓர லைட்டு

நான் முதன்முதலாகத் தனியாக, பெயிண்டுக்கு முன் பூசும் பட்டி வேலை பார்த்தது திருநின்றவூரில், அக்கா கட்டிய வீட்டு ஹாலில். ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங். "எல்லாம் எந்தம்பி பாத்துக்குவான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இரண்டு போர்டு சேரும் இடத்தில் டேப்பை ஒட்டி, அதன் மேல் பட்டியை அள்ளி அப்பினேன். ஒரே பூச்சில் முடித்துவிடுகிற அவசரம். தேய்க்கும்போது இணைப்பெல்லாம் புடைத்து நின்றது. போர்டு சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். பெயிண்ட் அடித்ததும் மறைந்த மாதிரி இருந்தது, நானும் நம்பிவிட்டேன்.

சீலிங்கின் ஓரத்தில் சுற்றிலும் லைட் பதித்திருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் அக்கா அதைப் போடவே மாட்டாள். ஒரே ஒரு டியூப்லைட்தான் எரியும். கரண்ட் பில்லுக்குப் பயந்த கஞ்சப் பிசினாறி என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே காபி கொடுப்பாள்.

அப்புறம் அம்பத்தூரில் ஓர் ஆபீஸ் வேலை. வழவழவென்று முடித்துவிட்டதாக நினைத்த சுவரில், சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் விழுந்தது. அத்தனை மேடும் பள்ளமும் தெரிந்தன. மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, அடுத்த பூச்சை இன்னும் அகலமாக இழுக்க அதற்குப் பிறகுதான் பழகினேன். கை படியப் படிய ஒரே கேள்விதான் அரித்தது. அக்கா வீட்டு ஓர லைட்டைப் போட்டால் என்னவெல்லாம் தெரியும்?

"அத்த போடேன்க்கா, பாக்கலாம்" என்றேன் ஒருநாள்.

"அது ரிப்பேருடா. சீலிங்கு நல்லாத்தான கீது, நீ சாப்புடு" என்றாள்.

அதை நம்புவது எனக்கும் சௌகரியமாக இருந்தது. வெட்கங்கெட்ட சௌகரியம்.

போன மாதம் பட்டாபிராமில் வேலை சீக்கிரம் முடிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. ஹாலில் ஓர லைட் மொத்தமும் எரிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே என் வேலை: ஒவ்வொரு இணைப்பும் பிரம்படி பட்ட முதுகுபோலத் தடித்துக் கிடந்தது. உடம்பெல்லாம் கூசிப்போய் வாசலிலேயே நின்றேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "வாடா" என்று சொல்வதற்கு முன்பே அவள் கை சுவிட்சுக்குப் போய்விட்டது.

உள்ளறையிலிருந்து அவள் வீட்டுக்காரர், என் மாமா, குரல் கொடுத்தார்:

"இன்னாடி, லைட்ட அணைச்சிட்ட? மச்சான் வந்துகீறானா?"