சத்தமில்லாமல் வந்த பிளேன்

பாரிஸின் லா சப்பலில் நான் பரிமாறும் சாப்பாட்டுக் கடையில் தொலைக்காட்சி எப்போதும் சத்தமில்லாமல்தான் ஓடும். அன்று மத்தியானம் தெற்கே எரியும் காட்டைக் காட்டினார்கள். புகைக்குள்ளிருந்து இராணுவத்தின் சாமான் ஏற்றும் விமானமொன்று தாழப் பறந்து வந்தது. அதன் பின்பக்கத்திலிருந்து தீயணைக்கும் சிவப்புக் கலவை கொட்டியது.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். வன்னியிலிருந்து வந்த சமையல்கார அண்ணை நிலத்தில் குப்புறக் கிடந்தார். காதுகளுக்குள் விரல்கள். வாய் ஆவென்று திறந்திருந்தது. ஊரில் சண்டைக் காலத்தில் பிளேனிலிருந்து குண்டு விழும்போது காது வெடிக்காமலிருக்க நாங்கள் எல்லோரும் பழகியது அது. அவரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டேதான் சமைப்பார்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருசம் கழித்து இதென்ன கூத்து?

"எழும்புங்கோ அண்ணை! அது நெருப்பு அணைக்கிற பிளேன். இஞ்சை ஒண்டும் விழாது!"

கத்தித்தான் சொன்னேன். ஆனால் என் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது.

இங்கேயே பிறந்து வளர்ந்த முதலாளியின் மகள் கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். அண்ணையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். தொலைக்காட்சியில் தெரிபவர்களைப் போல அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன.

பிறகு அவள் மெதுவாக என் மணிக்கட்டுகளைப் பிடித்து, காதுகளுக்குள்ளிருந்த என் விரல்களை வெளியே இழுத்தாள்.